சான்றுகள் வரைந்த குற்றவாளிகள்: இணையக் குற்ற ஆய்வின் வரலாற்றில் தரவும் பார்வையும்

ஆய்வுச் சுருக்கம்

கணினிவழிக் குற்றங்களையும், அவற்றில் ஈடுபடுவோர் கூடும் இணையத் தலைமறைவுச் சமூகங்களையும் பற்றிய கல்விப்புல ஆய்வு ஏறத்தாழ ஐம்பது ஆண்டு வரலாறு உடையது. இக்காலத்தில் குற்றவாளியின் உருவம் பலமுறை மாறியுள்ளது. நம்பிக்கைத் துரோகம் செய்த ஊழியர், அறிவு வேட்கை கொண்ட இளைஞர், சந்தை வணிகர், நிறுவனப் பணியாளர், இறுதியாகக் கட்டாயத்தின்பேரில் மோசடி செய்யும் கொத்தடிமை என அவ்வுருவம் வேறுபடுகிறது. குற்றத்தின் இயல்பு மாறியது இதற்கு ஒரு காரணமே. ஒவ்வொரு காலத்திலும் ஆய்வாளருக்குக் கிடைத்த சான்றின் தன்மையும் அவ்வுருவத்தை வடிவமைத்தது என்பதை இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது.

திறவுச்சொற்கள்: இணையக் குற்றம், தலைமறைவுச் சமூகம், சான்றுத் திறனாய்வு, இருண்ட வலை, ஆய்வு அறம், குற்றவியல் வரலாறு.

முன்னுரை

கோயில் கல்வெட்டுகளை மட்டுமே சான்றாகக் கொண்டு ஓர் ஊரின் வரலாற்றை எழுதுபவருக்கு, கொடை அளித்தவரும் கொடையை நிருவகித்த சபையாரும் தெளிவாகத் தெரிவர். அந்நிலத்தில் ஏர் பிடித்தவர் பெரும்பாலும் தெரியமாட்டார். அவர் அவ்வூரில் இல்லாதவர் அல்லர், கல்லில் எழுதப்படாதவர். தமிழக வரலாற்று ஆய்வாளர்கள் நன்கறிந்த இச்சிக்கல், முற்றிலும் வேறொரு துறையான இணையக் குற்ற ஆய்விலும் அவ்வாறே எழுந்துள்ளது.

இணையக் குற்றம் புதியதா, பழைய குற்றமே புதுக் கருவியோடு வந்துள்ளதா என்னும் வினா குற்றவியலாரிடையே நெடுங்காலமாக விவாதிக்கப்பட்டது. ஆஸ்திரேலியக் குற்றவியலாளர் பீட்டர் கிரபோஸ்கி 2001இல் எழுதிய கட்டுரையில், இது புதிய மொந்தையில் ஊற்றிய பழைய கள்ளே என்னும் பொருள்பட வாதிட்டார். மஜித் யார் 2005இல், காலமும் இடமும் இணையத்தில் வேறுவகையில் இயங்குவதால் பழைய கோட்பாடுகள் ஓரளவே பொருந்தும் என்று மறுமொழி கூறினார். இவ்விவாதம் பயனுடையதே. ஆயினும், குற்றம் புதிதா என்று கேட்பதற்கு முன், அதனை நாம் எதன்வழி அறிகிறோம் என்று கேட்க வேண்டியுள்ளது. இக்கட்டுரை அவ்வினாவை முன்வைத்து இத்துறையின் வளர்ச்சியைக் கால வரிசையில் நோக்குகிறது.

1. செய்தி நறுக்குகளும் நம்பிக்கைக்குரிய ஊழியரும்

கணினிக் குற்றத்தை முறையாகத் தொகுக்கத் தொடங்கிய முன்னோடிகளுள் ஒருவர் டான் பார்க்கர். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய அவர், கணினி தொடர்பான முறைகேட்டு நிகழ்வுகளைத் திரட்டி வகைப்படுத்தினார். 1976இல் வெளிவந்த அவருடைய நூல் இத்துறையின் தொடக்க நூல்களுள் ஒன்றாகும். அத்தொகுப்பிலிருந்து எழுந்த குற்றவாளி, வங்கியிலோ நிறுவனத்திலோ பொறுப்பான பதவியில் இருந்துகொண்டு தம் மீதான நம்பிக்கையைத் தவறாகப் பயன்படுத்திய ஊழியர் ஆவார்.

அக்காலத்தில் கணினியை நெருங்கும் வாய்ப்பு ஊழியருக்கே இருந்தது என்பது இதற்கு ஒரு காரணம். அத்தொகுப்பு செய்தித்தாள் அறிக்கைகளைப் பெரிதும் சார்ந்திருந்தது என்பது மற்றொரு காரணம். செய்தியாக வெளிவந்த நிகழ்வே கணக்கில் சேர்ந்தது. பல நிறுவனங்கள் தம் நற்பெயர் கருதி மறைத்தவை சேரவில்லை. வியப்பூட்டும் கதைகள் சரிபார்க்கப்படாமலே ஒரு நூலிலிருந்து மற்றொரு நூலுக்குப் பெயர்ந்தன. 1980 அளவிலேயே இத்தரவின் நம்பகத்தன்மை குறித்துக் கடுமையான மறுப்பு எழுந்தது. ஆகவே, சான்றுத் திறனாய்வு இத்துறைக்குப் பிற்காலத்தில் வந்து சேர்ந்ததன்று. துறையின் தொடக்கத்திலேயே உடன் பிறந்தது.

2. அறிவிப்புப் பலகைகளும் தோழமையும்

1986இல் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கணினிப் பயன்பாட்டுக் கணக்கில் 75 சென்ட் உதைத்தது. வானியலாளரான கிளிஃபோர்டு ஸ்டால் அதன் காரணத்தைத் தேடிச் சென்று, ஜெர்மனியிலிருந்து ஊடுருவிய ஒருவரைக் கண்டறிந்தார். ஊடுருவுநர் தட்டிய ஒவ்வோர் எழுத்தும் தாளில் பதியுமாறு தொடர்புக் கம்பிகளில் அச்சுப்பொறிகளை அவர் இணைத்தார். குற்றச் செயலைப் பற்றிய செய்தி மட்டுமன்றி, அச்செயலின் நேரடிப் பதிவே ஆய்வுப் பொருளாகும் காலம் இவ்வாறு தொடங்கியது. 1988 நவம்பரில், கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மோரிஸ் வெளியிட்ட நிரல் இணையத்தின் பெரும்பகுதியைத் தடுமாறச் செய்தது. அதன்பின் பொதுமக்கள் மனத்தில் குற்றவாளி என்றாலே திறன்மிக்க இளைஞர் என்னும் படிமம் நிலைபெற்றது.

இப்படிமத்தை உள்ளிருந்து சோதித்தவர் கார்டன் மேயர். அவர் 1989இல் வடக்கு இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் அளித்த முதுகலை ஆய்வேடு, கணினித் தலைமறைவுச் சமூகத்தின் அமைப்பை ஆராய்ந்தது. தொலைபேசிவழி இணையும் மின் அறிவிப்புப் பலகைகளில் நிகழ்ந்த உரையாடல்கள் அதன் முதன்மைச் சான்றுகள். செய்தித்தாள்கள் சதிக் கும்பல் என வருணித்த இடத்தில், மேயர் தளர்வான தோழமையையே கண்டார். அவர்கள் அறிவையும் தகவலையும் பகிர்ந்துகொண்டனர். செயலைப் பெரும்பாலும் தனித்தே செய்தனர். உழைப்பைப் பங்கிட்டுக்கொள்ளும் முறையான நிறுவனம் எதுவும் அங்கு இல்லை.

மேயரின் முடிவு, அக்காலக் காவல் துறையின் மிகையச்சத்துக்குத் தக்க மறுப்பாக அமைந்தது. ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. பலகையில் பேசுபவர் பேச விரும்புபவர். பேசாமல் பணம் ஈட்டியவர் எவரேனும் இருந்திருப்பின், அவர் இச்சான்றில் அகப்படமாட்டார்.

3. சந்தையாகக் காணப்பட்ட சமூகம்

2000க்குப் பின் திருட்டுக் கடனட்டை எண்களின் வணிகம் இணையத்தில் பெருகியது. 2001இல் தோன்றிய கார்டர்பிளானட், பின்னர் ஷேடோகுரூ போன்ற கருத்துக்களங்கள் விற்போரையும் வாங்குவோரையும் ஒன்றுகூட்டின. 2004 அக்டோபரில் அமெரிக்க இரகசியப் பணித் துறை ஷேடோகுரூவை முடக்கி 28 பேரைக் கைது செய்தது. அதன்பின் கணினி அறிவியலார் பொருளியல் கருவிகளுடன் இத்துறைக்குள் நுழைந்தனர்.

ஜேசன் பிராங்க்ளின், வெர்ன் பேக்ஸன், ஏட்ரியன் பெரிக், ஸ்டெஃபன் சாவேஜ் ஆகியோர் 2007இல் வெளியிட்ட ஆய்வு இதில் ஒரு திருப்புமுனை. அரட்டை அலைவரிசை ஒன்றில் ஏழு மாதங்களில் பதிவான 1 கோடியே 30 லட்சத்துக்கும் மேற்பட்ட செய்திகளை அவர்கள் பகுப்பாய்ந்தனர். ஆடம் ஸ்மித்தின் புகழ்பெற்ற நூல் தலைப்பை நினைவூட்டும் வகையில் தம் கட்டுரைக்குத் தலைப்பிட்டதே அவர்களின் பார்வையைக் காட்டுகிறது. அவர்கள் கண்ட குற்றவாளி ஒரு வணிகர். அங்கு விலை, போட்டி, தொழிற்பிரிவு அனைத்தும் இருந்தன.

இம்முடிவை மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்களான கார்மக் ஹெர்லியும் டினேய் ஃபுளோரென்சியோவும் 2009இல் கேள்விக்கு உட்படுத்தினர். ஒரு வங்கிக் கணக்கில் ஆயிரக்கணக்கான டாலர் இருக்குமாயின், அதன் விவரத்தைச் சில டாலருக்கு ஒருவர் ஏன் விற்க வேண்டும்? இவ்வினாவிலிருந்து தொடங்கிய அவர்கள், ஜார்ஜ் அகெர்லாஃப் 1970இல் விளக்கிய தரமற்ற பொருள்களின் சந்தைக் கோட்பாட்டை இங்குப் பொருத்தினர். வாங்குபவர் பொருளின் தரத்தை அறிய இயலாத சந்தையில் ஏமாற்றுபவரே மிகுவர். நேர்மையாக விற்பவர் விலகிச் செல்வர். ஆகவே பொது அலைவரிசையில் கூவி விற்கப்படும் சரக்கின் அளவைக் கொண்டு குற்றத்தின் பெருக்கத்தைக் கணக்கிடுவது பிழை என்பது அவர்களின் வாதம். விளம்பரம் விற்பனைக்குச் சான்றாகாது.

இக்காலச் சான்றுகளுக்கு மற்றொரு சிக்கலும் உண்டு. 2008இல் மூடப்பட்ட டார்க்மார்க்கெட் என்னும் கருத்துக்களத்தை நிருவகித்தவர்களுள் ஒருவர், மறைவேடத்தில் இருந்த அமெரிக்கப் புலனாய்வு முகமை அதிகாரி. 2017இல் நெதர்லாந்துக் காவல் துறை ஹான்சா என்னும் இருண்ட வலைச் சந்தையைக் கைப்பற்றி, ஏறத்தாழ ஒரு மாதம் தானே நடத்திய பின்னரே மூடியது. இத்தகைய களங்களின் பதிவுகளில் ஒரு பகுதி காவல் துறையின் கைபட்டு உருவானது. சான்றை உருவாக்கியவர் யார் என்று கேளாமல் அதனைக் குற்றவாளிகளின் இயல்பான பேச்சு எனக் கொள்வது வரலாற்று முறைக்கு ஒவ்வாது.

4. கசிந்த ஆவணங்களும் பணம் சென்ற வழியும்

பொதுப் பேச்சின் குறையை நிறைவுசெய்ய ஆய்வாளர்கள் இரு வழிகளை நாடினர். கசிந்த தரவுத்தளங்களைப் படிப்பது ஒன்று. குற்றத்தின் பொருளியல் செயற்பாட்டை நேரடியாக அளவிடுவது மற்றொன்று.

முதல் வழியில், மார்ட்டி மோட்டோயாமாவும் குழுவினரும் 2011இல் ஆறு தலைமறைவுக் கருத்துக்களங்களின் கசிந்த தரவுத்தளங்களை ஆராய்ந்தனர். அவற்றில் உறுப்பினர்களின் தனிச் செய்திகளும் இருந்தன. நிருவாகியின் நடுவர் பணி, உறுப்பினர் தகுதிநிலை, ஏமாற்றியவரை விலக்கும் வழக்கம் ஆகியவற்றின்வழி அந்நியரிடையே நம்பிக்கை எவ்வாறு உருவாக்கப்பட்டது என்பது இதனால் தெரியவந்தது. ஹெர்லியும் ஃபுளோரென்சியோவும் சுட்டிய ஏமாற்றுச் சிக்கலை இச்சமூகங்களே உணர்ந்து, அதற்குத் தமக்குரிய தீர்வுகளை அமைத்திருந்தன.

இரண்டாம் வழியில், கிறிஸ் கானிக்கும் குழுவினரும் 2008இல் வெளியிட்ட ஆய்வு குறிப்பிடத்தக்கது. ஸ்டார்ம் என்னும் நச்சுநிரல் வலையமைப்பின்வழிச் சென்ற, மருந்து விற்கும் குப்பை மின்னஞ்சல்களை அவர்கள் 26 நாள் கண்காணித்தனர். ஏறத்தாழ 35 கோடி மின்னஞ்சல்களுக்குக் கிடைத்த விற்பனை 28 மட்டுமே. 2011இல் கிரில் லெவ்சென்கோவும் குழுவினரும் இம்மின்னஞ்சல்கள் விளம்பரப்படுத்திய பொருள்களை வாங்கிப் பார்த்து, பணம் சென்ற வழியைத் தொடர்ந்தனர். மருந்து, போலிப் பொருள், மென்பொருள் ஆகிய வகைகளில் 95 விழுக்காட்டுக்கு ஒரு சில வங்கிகளே பணம் பெற்றுத் தந்தன என்று கண்டறிந்தனர். கோடிக்கணக்கான மின்னஞ்சல்களைத் தடுக்க முயல்வதைவிடச் சில வங்கிகளிடம் தொடர்பைத் துண்டிக்கக் கோருவது பயன் தரும் என்னும் கொள்கை முடிவு இதிலிருந்து பிறந்தது. சான்று மாறியபோது, குற்றவாளியின் உருவத்தோடு தீர்வின் இடமும் மாறியதை இங்குக் காண்கிறோம்.

ராஸ் ஆண்டர்சனும் பல்துறை அறிஞர்களும் 2012இல் வெளியிட்ட செலவுக் கணக்கும் இதே திசையில் சென்றது. 2010இல் உலகக் குப்பை மின்னஞ்சலில் மூன்றில் ஒரு பங்கை அனுப்பிய ஒரு வலையமைப்பு தன் உரிமையாளருக்கு ஈட்டித் தந்தது சுமார் 27 லட்சம் டாலர். அவ்வஞ்சல்களைத் தடுக்க உலகம் செலவிட்டதோ நூறு கோடி டாலரைத் தாண்டியிருக்கும் என அவர்கள் மதிப்பிட்டனர். தற்காப்புக் கருவிகளுக்கு இறைக்கும் பணத்தில் ஒரு பகுதியைக் குற்றவாளிகளைப் பிடிக்கச் செலவிடுக என்பது அவர்களின் பரிந்துரை.

5. சில்க் ரோடும் திறந்த கணக்கேடும்

2011இல் தொடங்கிய சில்க் ரோடு, டோர் வலையமைப்பையும் பிட்காயினையும் இணைத்து இயங்கிய போதைப்பொருள் சந்தை. முகம் தெரியாத வணிகத்தில் நம்பிக்கையை உருவாக்க, வாங்கியோரின் கருத்துரைகளை அது பொதுவில் வைத்தது. அச்சமூகத்தின் நம்பிக்கைக்கு அடித்தளமாக இருந்த அதே ஏற்பாடு ஆய்வாளருக்குக் கணக்கேடாக வாய்த்தது. கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் நிக்கோலா கிறிஸ்டின் 2012இல் பல மாதங்கள் அப்பக்கங்களைத் தொகுத்து, மாத விற்பனை 12 லட்சம் டாலருக்குச் சற்று மேல் என்றும், நடத்துநருக்குக் கிடைத்த தரகு மாதம் சுமார் 92,000 டாலர் என்றும் மதிப்பிட்டார். விற்பனையாளருள் பெரும்பாலோர் சில மாதங்களில் மறைந்தனர். ஆய்வுக் காலம் முழுவதும் நீடித்தவர் 112 பேரே.

2013 அக்டோபரில் சில்க் ரோடு முடக்கப்பட்டது. அதன் இடத்தைப் பிற சந்தைகள் விரைவில் நிரப்பின. ஒரு சந்தையை மூடுவது வணிகத்தை மூடுவதாகாது என்பதைத் தொடர்ந்து வந்த நீள்கால ஆய்வுகள் உறுதிசெய்தன.

6. காப்பகமும் அறமும்

தனித்தனி ஆய்வாளர் தனித்தனியே திரட்டிய தரவு, ஆய்வு முடிந்ததும் மறைந்துவிடும். பிறர் அதனைச் சரிபார்க்க இயலாது. இக்குறையை நீக்க 2015இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இணையக் குற்ற மையம் தொடங்கப்பட்டது. சட்ட ஒப்பந்தத்தின் அடிப்படையில் பிற ஆய்வாளருடன் தரவைப் பகிர்வது அதன் தனிச்சிறப்பு. 2018இல் அறிமுகமான கிரைம்பிபி என்னும் தொகுப்பு, நான்கு கருத்துக்களங்களின் 4 கோடியே 80 லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகளைக் கொண்டிருந்தது. சுவடிப் புலத்துக்குக் காப்பகம் எத்தகையதோ, இப்புலத்துக்கு இத்தொகுப்பு அத்தகையது.

காப்பகம் உருவானபோது அறக் கேள்விகள் கூர்மையடைந்தன. கருத்துக்களத்தில் எழுதியவர் ஆய்வுக்கு ஒப்புதல் தந்தவர் அல்லர். அவர்களுள் சிறாரும் உளர். கசிந்த தரவு பெரும்பாலும் திருடப்பட்ட தரவே. மருத்துவ, நடத்தையியல் ஆய்வுகளுக்காக 1979இல் வகுக்கப்பட்ட பெல்மாண்ட் அறிக்கையின் நெறிகளை, 2012இல் வெளிவந்த மென்லோ அறிக்கை கணினி ஆய்வுக்கு விரித்துரைத்தது. மாந்தரை மதித்தல், நன்மை நாடல், நீதி ஆகிய மூன்றுடன், சட்டத்தையும் பொதுநலனையும் மதித்தல் என்னும் நான்காவது நெறியை அது சேர்த்தது.

இந்நெறிகளின் தேவையை ஒரு நிகழ்வு உணர்த்தும். 2014இல் டோர் வலையமைப்புப் பயனரின் அடையாளத்தைக் கண்டறியும் ஆய்வொன்று அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றைச் சார்ந்த நிறுவனத்தில் நடந்தது. அதன் தரவைப் புலனாய்வாளர்கள் சட்ட ஆணையின்வழிப் பெற்றனர் என்பது 2016இல் நீதிமன்ற ஆணை ஒன்றின்வழி உறுதியாயிற்று. டோரைப் பயன்படுத்துவோருள் குற்றவாளிகள் மட்டுமன்றி இதழாளரும் அரசை விமர்சிப்போரும் உண்டு. ஆய்வாளர் திரட்டும் தரவு ஆய்வாளரின் கையிலேயே இருக்கும் என்னும் நம்பிக்கைக்கு அதன்பின் இடமில்லை.

7. சலிப்பூட்டும் உழைப்பும் காணப்படாத உழைப்பாளியும்

காப்பகச் சான்றின் பெரும்பரப்பு, முந்தைய ஆய்வுகள் கவனிக்காத ஒன்றை வெளிக்கொணர்ந்தது. பென் கோலியர், ரிச்சர்டு கிளேட்டன், ஆலிஸ் ஹட்சிங்ஸ், டேனியல் தாமஸ் ஆகியோர் 2020இல் வெளியிட்ட கட்டுரை, இணையக் குற்றத்தின் பெரும்பகுதி சலிப்பூட்டும் பராமரிப்பு வேலையே என்று காட்டியது. வழங்கிகளைச் சீர்செய்தல், வாடிக்கையாளரின் புகாருக்கு மறுமொழி கூறல் ஆகியவற்றில் சோர்ந்து தொழிலைக் கைவிட்டோர் பலர். 2022 பிப்ரவரியில் கசிந்த கான்டி என்னும் பிணைத்தொகைக் குழுவின் உட்பேச்சுகள் இதற்கு வலுச்சேர்த்தன. மாதச் சம்பளம், ஆளெடுப்பு, விடுப்பு, மேலாளரைப் பற்றிய முணுமுணுப்பு என ஓர் அலுவலகத்தின் அன்றாடமே அங்கு இருந்தது.

ஆயினும் இச்சான்றுகளுக்கும் ஓர் எல்லை உண்டு. இவையனைத்தும் தாமே விரும்பி எழுதியோரின் பதிவுகள். 2023 ஆகஸ்டில் ஐக்கிய நாடுகள் மனித உரிமை அலுவலகம் வெளியிட்ட அறிக்கை, மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் சுமார் 1,00,000 பேரும் இணைய மோசடி வேலைகளில் வலுக்கட்டாயமாக ஈடுபடுத்தப்பட்டிருக்கலாம் என மதிப்பிட்டது. நல்ல சம்பளத்தில் கணினி வேலை என்று நம்பித் தாய்லாந்து சென்ற தமிழக இளைஞர்களும் இவ்வலையில் சிக்கினர். 2022 அக்டோபரில் அவர்களுள் ஒரு குழுவினர் மீட்கப்பட்டுச் சென்னை திரும்பினர். ஏமாற்றப்பட்டவரின் புகாரில் அவர்கள் குற்றவாளிகள். தாம் அனுபவித்ததன்படி ஆள்கடத்தலுக்கு ஆளானவர்கள். அரை நூற்றாண்டாக இத்துறை கையாண்ட எந்தச் சான்று வகையிலும் இவர்களின் குரல் முறையாகப் பதிவாகவில்லை. கல்வெட்டில் ஏர் பிடித்தவர் இல்லாததை இது ஒத்தது.

இந்தியப் புள்ளிவிவரங்களை நாம் படிக்கும் முறைக்கும் இது பொருந்தும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின்படி நாட்டில் பதிவான இணையக் குற்ற வழக்குகள் 2021இல் 52,974, 2022இல் 65,893. இவ்வுயர்வு குற்றம் பெருகியதைக் காட்டலாம். புகார் அளிப்பதும் வழக்குப் பதிவதும் பெருகியதையும் காட்டலாம். ஒரு முதல் தகவல் அறிக்கையில் பல குற்றங்கள் இருப்பினும் முதன்மையான ஒன்றே கணக்கில் கொள்ளப்படும் என்பதையும் மறத்தல் ஆகாது. இவ்வெண் வழக்குகளை எண்ணுகிறது. குற்றம் செய்யக் கட்டாயப்படுத்தப்பட்டவரை எண்ணுவதற்கு அதில் கட்டமே இல்லை.

முடிவுரை

மேற்கண்ட வரலாற்றிலிருந்து மூன்று முடிவுகளைப் பெறலாம். முதலாவது, செய்தி நறுக்கு துரோக ஊழியரையும், அறிவிப்புப் பலகை தோழமை கொண்ட இளைஞரையும், அரட்டைப் பதிவு வணிகரையும், கசிந்த உட்பேச்சு சம்பள ஊழியரையும் காட்டின. இவற்றுள் எதுவும் பொய்யன்று, எதுவும் முழுமையன்று. இரண்டாவது, சான்றின் சாய்வு ஏட்டளவில் நின்றுவிடுவதில்லை. யாரைத் தண்டிப்பது, எங்குப் பணம் செலவிடுவது, யாரை மீட்பது என்னும் முடிவுகளை அதுவே வழிநடத்துகிறது. மூன்றாவது, மொழியறிவு இங்கு ஒரு சான்றுக் கருவி. இத்துறையின் பெருந்தொகுப்புகள் ஆங்கிலம், ருஷ்யம் முதலான மொழிக் களங்களையே மிகுதியும் சார்ந்துள்ளன.

மோசடி முகாமிலிருந்து திரும்பிய இளைஞர், தமக்கு நேர்ந்ததைத் தமிழில் சொல்வார். அவருடைய சொல்லைப் பதிவதற்கு வாய்மொழி வரலாற்றுப் பயிற்சியும், அவர் பெயரையும் பாதுகாப்பையும் காக்கும் அறநெறியும் வேண்டும். இவ்விரண்டும் தமிழ் ஆய்வுலகுக்குப் புதியன அல்ல. கணினித் துறையும் குற்றவியல் துறையும் எட்டாத இச்சான்றைத் திரட்டும் பணி, தமிழ் வரலாற்றுத் துறையும் நாட்டார் வழக்காற்றியல் துறையும் ஏற்கத்தக்கது. காலந்தாழ்த்தினால், இவ்விளைஞர்கள் காவல் நிலையக் குறிப்பேட்டில் மட்டுமே எஞ்சுவர்.